அரை பெட்ரூம்ல முழுசா தூங்க முடியுமா?

இன்னா தம்பி, பூந்தமல்லி பக்கம் ரெண்டரை பெட்ரூம் ஃபிளாட் பாத்துட்டு வந்தியாமே? ரெண்டு சரி. அந்த அரை இன்னாது? தலைய உள்ள வச்சிக்கினு கால ஹால்ல நீட்டறதுக்கா?

"ஸ்டடி ரூம் தாத்தா, வேணும்னா பெட்ரூமா மாத்திக்கலாம்"ங்கற. படத்துல அழகா கட்டில் போட்டுக் காட்டிக்கிறான் இல்ல? அந்தக் கட்டில் எத்தினி அடின்னு கேட்டியா? கேக்க மாட்ட. விளம்பரத்துக் கட்டில்ல இதுவரைக்கும் எவனும் பொரண்டு படுத்ததில்ல கண்ணு.

அம்பத்தூர்ல டன்லப் டயர் கம்பெனியும் தொழிற்பேட்டையும் ஓஹோன்னு ஓடுன காலத்துல, ஒரே ரூம்ல ஷிஃப்ட் போட்டு தூங்குனானுங்க. நைட்டு வேல முடிச்சி ஒருத்தன் வருவான், பாய் சூடு ஆறறதுக்குள்ள படுத்துக்குவான். யாரும் அத மாஸ்டர் பெட்ரூம்னு சொல்லிக்கல. தூக்கம் மட்டும் அப்டி வந்துச்சி. ஒனக்கு ரெண்டரை ரூம் வச்சிக்கினு தூக்கத்துக்கு செல்போன்ல மழ சத்தம் கேக்கணும்!

சரி, சட்டம் இன்னா சொல்லுதுன்னு கேளு. மேஸ்திரி வேலையில தல நரைச்சவன் நானு, ஒண்ணு ரெண்டு காதுல வுழுந்துக்கிது. தேசிய கட்டட விதித்தொகுப்புன்னு 2016-ல வந்த தடி புஸ்தகம். மாஸ்டரு, கிட்ஸு, கெஸ்ட்டு இதெல்லாம் அதுக்குக் கவல இல்ல. மனுசன் குடியிருக்கற அறையா, இல்லியா? அவ்ளோதான் கேக்குது. குளிக்கற ரூமு, கக்கூஸு, நடை, சாமான் போடற ரூமு எதுவும் அந்தக் கணக்குல வராது.

வூட்ல ஒரே ரூம்னா 9.5 சதுர மீட்டர் வேணும், அகலம் 2.4 மீட்டருக்குக் கொறையக் கூடாது. ரெண்டு ரூம்னா ரெண்டாவது 7.5 சதுர மீட்டர், அகலம் 2.1 மீட்டர் போதும். நம்ம கணக்குல மொதல்து 102 சதுர அடி, ரெண்டாவது 81 சதுர அடி. ஊரே பெருமையா சொல்ற பத்துக்குப் பத்து இன்னாச்சி? 100 தான! ஒத்த ரூம் வூட்டுக்கு அது ரெண்டு சதுர அடி கொறச்சலு. பத்துக்குப் பத்துக்கே இந்தக் கதின்னா ஒன் அரை ரூம் எந்த மூலைக்கு?

ஒசரம் 2.75 மீட்டர், அதாவது ஒம்பதடி. ஏசி ரூம்னா 2.4 மீட்டர் போதும்னு சலுக குடுத்துக்கிது. ஆனா கரன்ட்டு போனா அந்த சலுகையும் கூடவே போயிடுமே தம்பி?

இப்ப ஜன்னலுக்கு வா. நம்மூரு மாதிரி ஈரமும் புழுக்கமுமா கெடக்கற எடத்துல, தரையில ஆறுல ஒரு பங்கு ஜன்னல் வேணும். கதவ அதுல சேக்கக் கூடாது. 102 அடி ரூமுக்கு 17 சதுர அடி. நாலுக்கு நாலு ஜன்னல் வச்சாலும் 16 தான் வருது! அந்த ஜன்னலும் வெளிக்காத்து பக்கமோ தொறந்த தாழ்வாரத்து பக்கமோ தொறக்கணும். ஒன் அரை ரூம் ஜன்னலு எங்க தொறக்குது? கிச்சன் பக்கமா? அப்ப பக்கத்துல படுத்துக்கினு கொழம்பு வாசனை புடிக்கலாம், வேற இன்னா?

அமெரிக்காவுல பல ஊர்ல வச்சிக்கிற விதியில ரூமுக்கு 70 சதுர அடியே போதும். ஆனா நெருப்பு புடிச்சா ஆளு எகிறி வெளிய போற அளவுக்குப் படுக்கற ரூம்ல ஒரு வழி இருக்கணும்னு கறாரா சொல்லுது. நாம இன்னா பண்றோம்? ஜன்னல்ல கம்பி வச்சி வெல்டிங் அடிச்சிடறோம். திருடனும் உள்ள வர மாட்டான், நாமளும் வெளிய போவ மாட்டோம்.

இன்னொரு சூட்சுமம் கேளு. 2016 ரேரா, அதாவது ரியல் எஸ்டேட் சட்டப்படி, கார்ப்பெட் ஏரியாங்கற உள்ள பொழங்கற எடத்துக் கணக்குல வெளிச்செவுரு, பால்கனி, மொட்ட மாடி சேராது. உள்ள எழுப்பற தடுப்புச் செவுரு சேரும். அப்ப ஒரு ரூமத் தடுத்து ஒண்ணரை ஆக்குனா, ரூம்தான் சுருங்கும், சதுர அடி சுருங்காது. ஒன் எடத்தத் தின்ன செவுத்துக்கும் நீயே துட்டு கட்டணும். அரை ரூம் யாருக்கு லாபம்னு இப்பவாவது புரியுதா?

மொதல்ல சொன்ன தடி புஸ்தகம் வழிகாட்டிதான். இங்க கைய கட்டறது 2019-ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள். ஆவடியோ அம்பத்தூரோ பூந்தமல்லியோ, அங்கீகாரம் வாங்குன பிளானக் கேட்டு வாங்கு. அந்த அரை ரூம் மேல இன்னா பேரு எழுதிக்கிதுன்னு பாரு. நோட்டீஸ்ல பெட்ரூம், பிளான்ல ஸ்டோர்னு இருந்தா சிரிச்சிக்கினே கும்புடு போட்டுட்டு வா.

காத்து வராத வூட்டுக்குக் கடன் மட்டும் தவறாம வரும் கண்ணு. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னால ஒரு டேப்ப எடுத்துக்கினு போ. மத்தியானம் மூணு மணிக்குப் போ. அந்த ரூம் கதவ சாத்திக்கினு, ஃபேன் போடாம, ஜன்னலத் தொறந்து வச்சி, வெறுந்தரையில பத்து நிமிசம் படு. கண்ணு சொக்குனா அது பெட்ரூம். வேர்த்து ஊத்துச்சின்னா அது பரண், அதுல சாமானத்தான் போடணும், சம்சாரத்த இல்ல.