செட் ஆயிரும்

எங்கள் ஊர்ப் பெயருக்கு முன்னால் ஒரு ‘வ’ உண்டு. தமிழ்நாட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு புதுப்பட்டி என்பதால், பக்கத்து வத்திராயிருப்பிடம் முதலெழுத்தைக் கடன் வாங்கி வ. புதுப்பட்டி ஆனோம். இங்கிலீஷ்காரன் வத்திராயிருப்பை மென்று ‘வாட்ராப்’ என்று துப்பிவிட்டதால், இங்கிலீஷில் எங்கள் இனிஷியல் ‘டபிள்யூ’. சும்மா விடுவோமா? பதிலுக்கு அவன் சொல் ஒன்றை எடுத்து நாங்களும் மென்றுகொண்டிருக்கிறோம். அந்தச் சொல் ‘செட்’. அதை ஊர் சார்பில் முழுநேரமாக மெல்லுகிறவர் செட்டண்ணன்.

அவருக்கு என்ன தொழில் என்று யாராலும் சொல்ல முடியாது. தரகர் என்று சொன்னால் கோபம் வரும். தரகர் கமிஷன் வாங்குவார்; இவர் ‘வண்டிக்குப் பெட்ரோல்’ மட்டும்தான் வாங்குவார். வெள்ளைச் சட்டைப் பையில் ஒரு டயரி, இரண்டு பேனா, ஒரு போன். டீக்கடை பெஞ்சில் சுவரோரம் அவர் இடம். அங்கே முதுகு சாய்ந்து சாய்ந்து சுவரில் எண்ணெய்க் கறையாக இன்னொரு செட்டண்ணன் உருவாகியிருக்கிறார்.

ஒரு நாள் காலையில் அவர் போன் பேசியதைப் பக்கத்திலிருந்து கேட்டேன்.

“சொல்லுங்க மாமா... செட் பண்ணிரலாம்... அட அந்தச் செட்டு இல்ல மாமா, நான் சொல்றது கரகாட்டச் செட்டு. மோட்டார் செட்டு நாளைக்குத்தான். யாரு, அவனா? அவன் நம்ம தம்பி செட்டு, சொன்னாக் கேப்பான். பொண்ணு வீட்ல பேசிட்டேன், செட் ஆயிரும். நீங்க செட்லயே இருங்க, வந்துர்றேன்.”

வெளியூர்க்காரர் கேட்டால் தலை சுற்றும். எங்களுக்குச் சுற்றாது. முதல் செட் ஏற்பாடு. கரகாட்டச் செட்டு ஆட்டக்காரர்களும் மேளமும் சேர்ந்த குழு. மோட்டார் செட்டு கிணற்றுத் தண்ணீர் இறைப்பது. தம்பி செட்டு என்றால் தம்பியோடு படித்தவன். எங்கள் ஊரில் வயதை வருஷத்தில் சொல்வதில்லை, செட்டில்தான் சொல்வோம். ‘அவரு எங்க அப்பா செட்டு’ என்றால் பிறந்த தேதி, மரியாதை, அவர் முன்னால் பீடி பிடிக்கலாமா கூடாதா எல்லாம் அதிலேயே அடக்கம். கடைசியில் வந்த செட் மட்டும் அந்தச் செட்டே இல்லை. அது ‘ஷெட்’. மோட்டார் இருக்கும் தகரக் கொட்டகை. ஊர் வாயில் அதுவும் செட்தான். செட்டுக்குள் செட்டு இருக்கிறது. செட்டு ஓடாவிட்டால் செட்டில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆக்ஸ்போர்டு அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்தச் சொல்லுக்கு 430 பொருள் எண்ணி வைத்திருக்கிறார்கள். அந்தப் பதிப்பிலேயே நீளமான பதிவு இதுதான். பிற்பாடு ‘ரன்’ என்ற சொல் 600ஐத் தாண்டி இதை முந்திவிட்டதாகக் கேள்வி. எங்கள் ஊரில் ரன்னுக்கு கிரிக்கெட், மோட்டார் என்று இரண்டே பொருள். செட்டை அசைக்க அதனால் முடியவில்லை. ஆக்ஸ்போர்டில் பல வருஷம் உட்கார்ந்து 430 எண்ணியவர்கள் எங்கள் டீக்கடை பெஞ்சில் ஒரு வாரம் உட்கார்ந்திருக்கலாம். டீக்காசு செட்டண்ணன் கொடுத்திருக்க மாட்டார், அது வேறு விஷயம்.

போன கோடையில் எங்கள் கிணற்று மோட்டார் புகைந்துவிட்டது. பிளவக்கல் அணைத் தண்ணீர் வந்தால் வந்தது, வராவிட்டால் கிணறுதான் தெய்வம் என்று வாழ்கிற பூமி இது. தென்னை ஓலை தொங்க ஆரம்பித்துவிட்டது. செட்டண்ணனிடம் போனேன்.

“காயில் போயிருக்கும் தம்பி. ராஜபாளையத்துல நம்ம ஆளு இருக்கான். காயில் கட்டி, சாயங்காலம் செட்ட இறக்கிரலாம்.”

“இன்னைக்குச் சாயங்காலமாண்ணே?”

“செட் ஆயிரும்.”

நான்கு சாயங்காலம் போனது. ஐந்தாம் நாள் மோட்டார் வந்தது. மோட்டாரைத் தூக்கி வைக்க ஆள் செட் ஆகவில்லை. ஆள் செட் ஆன அன்று திரீ பேஸ் கரன்ட் வரவில்லை. கரன்ட் வந்தபோது செட்டண்ணன் ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து வேன் செட் பண்ணிக்கொண்டு தாணிப்பாறைக்குப் போய்விட்டார். கான்கிரீட் போட்டால்கூட மறுநாள் காலையில் செட் ஆகிவிடுகிறது.

ஆனால் அவர்மேல் கோபப்படவும் முடியாது. அவர் பொய் சொல்லவே இல்லை. ‘செய்றேன்’ என்றால் அது வாக்கு. ‘செய்ய முடியாது’ என்றால் அது பகை. ‘செட் ஆயிரும்’ என்பது இரண்டுமில்லை. அதில் செய்கிறவன் யாரென்றே கிடையாது. மழை பெய்யும், வெயில் அடிக்கும் என்பதுபோல, தானாகவே என்றைக்கோ நடக்கும். தொல்காப்பியருக்கு மூன்று காலம் போதுமாக இருந்தது. அவருக்கு மோட்டார் ரிப்பேர் ஆனதில்லை.

இந்த ‘செட் ஆயிரும்’ என்பதன் தங்கச்சிதான் ‘செட் ஆகல’. இதன் அருமை என் சித்தப்பா மகனுக்குப் பெண் பார்த்தபோது தெரிந்தது. திருவில்லிபுத்தூரில் ஒரு பெண். செட்டண்ணன் கொண்டுவந்த இடம். பால்கோவாப் பொட்டலத்தோடு வந்து நடுவீட்டில் உட்கார்ந்தார். எங்கள் அப்பத்தா வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்டது:

“பொண்ணு செட்டான பொண்ணாய்யா?”

செட்டண்ணன் முகம் மலர்ந்தது. “செட் ஆன மாதிரிதான் ஆத்தா. அவுக பக்கம் முழுத் திருப்தி.”

“அது கெடக்கட்டும். கட்டுஞ்செட்டுமாக் குடும்பம் நடத்துவாளா?”

“செட்டுக்கு என்ன கொறச்சல்? நெக்லஸ், தோடு, வளையல் எல்லாமே செட்டாப் போடுறாக. கல்லு வச்ச செட்டு தனி.”

அப்பத்தா உலக்கையை நிறுத்திவிட்டது. அது கேட்டது சுத்தத் தமிழ்ச் செட்டு. செட்டு என்றால் சிக்கனம். பத்து ரூபாயில் எட்டு ரூபாய்க்குக் குடும்பம் நடத்தி இரண்டு ரூபாயை அரிசிப் பானையில் ஒளித்து வைக்கிற சாமர்த்தியம். இங்கிலீஷ் செட் எங்கள் ஊருக்கு பஸ் ஏறி வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இங்கே குடியிருந்த சொல். சிக்கனமான பெண்ணா என்று கேட்டதற்குக் கல் வைத்த நகை உண்டு என்று பதில் வந்தால், எந்த அப்பத்தாதான் சம்மதிக்கும்? “இந்த எடம் வேண்டாம்” என்று முடித்துவிட்டது.

வேண்டாம். பெண் வீட்டில் போய்ச் சொல்லக்கூடிய வார்த்தையா இது? சொன்னால் இரண்டு தெரு பேசாது. ஆடிப்பூரத் தேரில் எதிரெதிரே வடம் பிடிக்க நேர்ந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? செட்டண்ணன் மறுநாள் போய்வந்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“ஜாதகம் செட் ஆகலைன்னு சொல்லிட்டேன் தம்பி. வருத்தம்தான், ஆனா சிரிச்சிக்கிட்டே காப்பி குடுத்தாக.”

அவர்களுக்கும் உண்மை தெரிந்திருக்கும். இருந்தாலும் குற்றத்தை வியாழனும் சனியும் எடுத்துக்கொண்டன. அடுத்த வருஷம் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம். அதையும் செட் பண்ணியது இவர்தான். எங்கள் வீட்டுக்கும் பத்திரிகை வந்தது. அப்பத்தா முன் வரிசையில் உட்கார்ந்து, பெண் கழுத்தில் கிடந்த கல் செட்டை எடை போட்டுவிட்டு வந்தது.

இவ்வளவு செய்கிறவருக்குச் சொந்த விஷயத்தில் எதுவும் செட் ஆகாது. அவர் வீட்டுத் தகரம் மூன்று மழையாக ஒழுகுகிறது. தோப்பில் சீட்டு விளையாட உட்கார்ந்தால் கையில் பதின்மூன்று சீட்டும் பதின்மூன்று ஊர். “ஒரு செட்டாவது சேருதா பாரு!” என்று கவிழ்த்துவிட்டு எழுந்துவிடுவார்.

போன தையில் மிச்சமிருந்த பற்களையும் எடுத்துவிட்டுப் பல் செட் கட்டிக்கொண்டார். ஒரு வாரம் வெளியே வரவில்லை. வந்தபோது தாடையே புதிதாக இருந்தது, யாரோ முகத்துக்குள் உட்கார்ந்து எட்டிப் பார்ப்பதுபோல. டீக்கடையில் போன் வந்தது. எடுத்தார்.

“ஷொல்லுங்க மாமா... ஷெட் பண்ணிரலாம்...”

எதிர்முனையில் குழப்பம். “தகரச் செட்டா? நான் எங்கப்பா ஷெட் கேட்டேன்? பந்தலுக்கு மைக் செட்டுல்ல கேட்டேன்!”

“அதான் மாமா, மைக் ஷெட்டு!”

பிறந்ததிலிருந்து ஷெட்டைச் செட் என்று சொல்லிவந்த வாய், முதல்முறையாக ஷெட்டைச் சரியாகச் சொன்னது. செட்தான் போய்விட்டது. நாலு முறை கத்திப் பார்த்தார். பிறகு போனைப் பெஞ்சில் வைத்தார், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார், பல்லைக் கழற்றித் துண்டில் துடைத்து டயரிக்குப் பக்கத்தில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போனை எடுத்து, பொக்கை வாயால் கணீரென்று சொன்னார்: “மைக் செட்டு. நாளைக்கு வந்துரும்.”

வெள்ளைச் சட்டைப் பைக்குள் பல் செட் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. டீ மாஸ்டர்தான் துணிந்து கேட்டார்: “என்னண்ணே, பல்லு இன்னும் செட் ஆகலையா?”

செட்டண்ணன் டீயை ஒரு மடக்கு உறிஞ்சினார்.

“ஆயிரும்.”