கொல்லைக் கதவு

2019 நவம்பரில் எங்கள் இளையாத்தங்குடி வீட்டில் சென்னையின் எஃப்சி கால்பந்து ஆட்டம் பார்க்கிற ஒரே ஆள் நான்தான். ஐயா பக்கத்தில் ஈஸிசேரில் இருப்பார், பார்ப்பதாகக் கணக்கில்லை. முதல் நான்கு ஆட்டத்தில் நம் அணி ஒரு கோல்கூடப் போடவில்லை. "அப்ப அந்தப் பந்து எதுக்குடா?" என்று மட்டும் கேட்டார்.

பயிற்சியாளர் ஜான் கிரகரி போனார். டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்து, அயர்லாந்துக்கு ஆடி, 2009இல் பர்ன்லியைப் பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்ட மனிதர். அவருடைய கொள்கை எனக்குப் புரிந்தவரை இதுதான்: நாலு வாங்கினால் என்ன, அஞ்சு போடு. கிரிவெல்லாரோ பந்தைத் தள்ளுவார், சாங்தே பறப்பார், வால்ஸ்கிஸ் முடிப்பார். வால்ஸ்கிஸ் கணக்கில் மட்டும் அந்த சீசனில் 15 கோல். குதித்துக் குதித்து வளவுத் தூணில் இடித்த என் முழங்கை தை மாதம் முழுக்க நீலமாகவே இருந்தது. பர்மாத் தேக்கு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்பத்தாவுக்குத்தான் இந்த ஆட்டம் பிடிக்கவில்லை. "முகப்பைத் திறந்து வச்சுட்டான், சரி. கொல்லைக் கதவை யாருடா சாத்துறது?"

நியாயமான கேள்வி. எங்கள் வீட்டு முகப்பில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிக் கொல்லை முருங்கை வரை நேராகத் தெரியும். கோய்ல் அணியும் அப்படித்தான். காவலுக்கு நிற்கவேண்டிய ஃபுல்பேக் இருவரும் எதிராளி வீட்டுக்கு விருந்துக்குப் போனால் இலை எடுத்த பிறகுதான் திரும்புவார்கள்.

அரையிறுதி. 2020 பிப்ரவரி 29, சென்னையில் கோவாவை 4-1 என்று அடித்தோம். அடுத்த வாரம் கோவாவில் இடைவேளைக்குள் இரண்டு வாங்கினோம். அப்பத்தா எழுந்து போய் எங்கள் கொல்லைக் கதவைத் தாழிட்டு வந்தாள். ராசியாம். சாங்தே ஒன்று, வால்ஸ்கிஸ் ஒன்று போட்டார்கள். அப்புறம் எந்தச் சந்து வழியாகப் பூனை நுழைந்ததோ, மேலும் இரண்டு வாங்கினோம். இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5, ஃபைனல்!

ஐயா விரல் விட்டு எண்ணினார். "ஆறு வரவு, அஞ்சு செலவு. இத்தனை கூத்துக்கு மிச்சம் ஒண்ணுதானா?"

மார்ச் 14, ஃபைனல். கொரோனாவால் கோவாவின் ஃபதோர்தா மைதானத்தில் ஆளே இல்லை. ஏடிகேயிடம் 1-3. "முதலும் போச்சு" என்று ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.

அந்த வருடமே போன கோய்ல் 2023இல் திரும்பி வந்தார். வீட்டில் வந்து சொன்னேன். அப்பத்தா கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு வை."