பதினோரு முகவரிக்கு ஒரு டேட்டாபேஸ்

உங்கள் அலுவலகத்தில் மெயில் ஒழுங்காகப் போய்வந்துகொண்டிருக்கிறதா? ஆபத்து. சர்வர் அறையில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதே எல்லோருக்கும் மறந்துவிடும்.

இப்போது என்ன இருக்கிறது? ஒரு போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வர், பதினோரு முகவரி, ஒரு டெக்ஸ்ட் ஃபைல். இடப்பக்கம் முகவரி, வலப்பக்கம் அதன் பெட்டி. புது ஆள் சேர்ந்தால் ஒரு வரி எழுதி, போஸ்ட்மேப் கட்டளையை ஒருமுறை ஓட்டவேண்டும். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். இதை வைத்துக்கொண்டு இன்க்ரிமென்ட் கேட்க முடியுமா? ஆகவே எஸ்க்யூலைட்டுக்கு மாறுவோம்.

“இப்ப எதுக்குப்பா இது?” என்று மேனேஜர் கேட்பார். கப்பல் கதையைச் சொல்லுங்கள். ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை பார்த்தார். டேட்டாபேஸ் சர்வர் படுத்தால் அவருடைய மென்பொருளும் கூடவே படுக்கும். திட்டு மட்டும் இவருக்கு. சர்வரே இல்லாமல், வெறும் ஃபைலாக ஒரு டேட்டாபேஸ் இருந்தால் என்ன என்று அவர் 2000-ல் எழுதியதுதான் எஸ்க்யூலைட். போர்க்கப்பல் என்றதும் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்வார். நம்மிடமும் ஏற்கெனவே ஒரு ஃபைல்தானே இருக்கிறது என்று அவருக்குத் தோன்றுவதற்குள் அறையைவிட்டு வந்துவிடுங்கள்.

உங்கள் போஸ்ட்ஃபிக்ஸுக்கு எஸ்க்யூலைட் தெரியுமா என்று முதலில் பார்க்கவேண்டும் என்பார்கள். போஸ்ட்கான்ஃப் மைனஸ் எம் என்று அடித்தால் அதற்குத் தெரிந்த வகைகளையெல்லாம் வரிசையாகச் சொல்லும். 2.8 பதிப்பிலிருந்து ஆதரவு உண்டு; டெபியனில் அதற்குத் தனிப் பேக்கேஜ் போடவேண்டும். இதைப் பார்க்காமல் ஆரம்பிப்பதுதான் நம் மரபு.

அடுத்து அட்டவணை. முகவரிகளை ஏற்றும்போது மரியாதையாக, முதலெழுத்தைப் பெரிதாக்கி ஏற்றுங்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது, போஸ்ட்ஃபிக்ஸுக்கு உண்டு. வருகிற முகவரியைச் சின்ன எழுத்தாக்கிய பிறகுதான் அது தேடும். எஸ்க்யூலைட்டோ சமக்குறி போட்டுக் கேட்டால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். எனவே நீங்கள் மரியாதை கொடுத்த ஒருவருக்கும் மெயில் வராது. மேனேஜர் பெயரை மட்டும் அப்படி ஏற்றியிருந்தால் விளைவு இன்னும் சீக்கிரம் தெரியும்.

கான்ஃபிக் ஃபைலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்று ஒரு வரி, செலக்ட் என்று தொடங்கும் கேள்வி ஒரு வரி. பிறகு மெயின் ஃபைலில் இதைச் சுட்டும் வரி. அதை அழகுக்காக இரண்டு ஸ்பேஸ் தள்ளி ஆரம்பியுங்கள். இடைவெளியோடு தொடங்கும் வரியை முந்தைய வரியின் வால் என்றே போஸ்ட்ஃபிக்ஸ் எடுத்துக்கொள்ளும். இரண்டு வரியும் கெட்டுப்போகும்.

நமக்குக் கிடைக்கும் உண்மையான புகழ் இனிமேல்தான். யாரோ முகவரியைத் தப்பாக அடித்து ஒரு கொட்டேஷன் தவறிப்போனது என்று கணக்குப் பிரிவில் முணுமுணுப்பார்கள். “ஒரே வரியில முடிச்சிடலாம் சார்” என்று சொல்லிவிட்டு, ஒரு முகவரிக்கு வருவதை இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் ஏலியாஸ் அட்டவணையில் அட் குறியும் டொமைன் பெயரும் மட்டும் கொண்ட ஒரு வரியைச் சேருங்கள். எதிரே உங்கள் சொந்த முகவரி. இனி எந்தப் பெயர் போட்டு வந்தாலும் உங்களிடம் வரும். ‘எந்தப் பெயர்’ என்பதில் இருக்கிற பதினோரு பேரும் அடக்கம். ஏனென்றால் போஸ்ட்ஃபிக்ஸ் ஏலியாஸைத்தான் முதலில் பார்க்கும், பெட்டியைப் பிறகு. முழு முகவரிக்கு ஏலியாஸ் இல்லையென்றால் அட் குறி வரியைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஆளுக்குப் பெட்டி இருக்கிறதா என்பதைப் பற்றி அதற்கு அப்போது கவலை இல்லை. முதலாளியின் வங்கிக் கடிதம், வரவேற்பறைப் பெண்ணுக்கு வரும் திருமண அழைப்பு, ஸ்பாம் எல்லாம் உங்கள் பெட்டியில். இதைத் தவிர்க்க ஒவ்வொருவர் முகவரிக்கும் எதிரே அதே முகவரியை ஒரு வரியாக எழுதவேண்டும். நான் நான்தான் என்று ஒவ்வொருவரும் அஃபிடவிட் கொடுப்பதுபோல. கொடுக்கச் சொல்லாதீர்கள்; அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்று முதல்முறையாக உங்களுக்குத் தெரியவரும்.

கடைசியாகச் சோதனை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வைத்துக்கொள்வது உத்தமம். டேட்டாபேஸ் ஃபைலை ரூட்டின் வீட்டு ஃபோல்டருக்குள்ளேயே வைத்துவிட்டு, ரூட்டாகவே நின்று போஸ்ட்மேப் மைனஸ் க்யூ என்று ஒரு முகவரியைக் கேளுங்கள். பளிச்சென்று பதில் வரும். கலெக்டர் ஜீப்பில் போய் இறங்கி ரேஷன் கடையில் “பாமாயில் இருக்கா?” என்று கேட்டால் வராதா?

சர்வர் அப்படிக் கேட்காது. போஸ்ட்ஃபிக்ஸை எழுதிய வீட்சே வெனிமா பாதுகாப்பு ஆராய்ச்சிக்காரர். வேலையைச் சின்னச் சின்னப் புரோகிராம்களாகப் பிரித்து, ஒன்றை இன்னொன்று முழுதாக நம்பாதபடி கட்டியிருக்கிறார். எல்லோரும் போடுகிறார்களே என்று நீங்களும் மெயின் ஃபைலில் எஸ்க்யூலைட்டுக்கு முன்னால் ப்ராக்ஸி என்று போட்டிருப்பீர்கள். அப்படியானால் ஃபைலைத் திறக்கப் போவது ப்ராக்ஸிமேப் என்ற அப்பாவி, அதுவும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற சாதாரண யூசராக. ரூட்டின் வீட்டு வாசலில் அதை யாரும் உள்ளே விடமாட்டார்கள். வரிசையில் நின்று கார்டை நீட்டும் நம்மைப் போல அதற்கும் ‘அப்புறம் வா’தான். அதே யூசராக மாறி அதே கேள்வியைக் கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

சர்வர் வெளியே சொல்வது 451: தற்காலிகத் தடங்கல், பிறகு முயலவும். இது மறுப்பு இல்லை என்பதால் அனுப்பியவரின் சர்வர் பொறுமையாகத் திரும்பத் திரும்பத் தட்டும். அதுவும் போஸ்ட்ஃபிக்ஸாக இருந்து யாரும் எதையும் மாற்றாமல் விட்டிருந்தால் ஐந்து நாள் தட்டும். நடுவில் தாமதம் என்று அனுப்பியவருக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லாது. சனி, ஞாயிறு நிம்மதி. திங்கட்கிழமை “இன்னிக்கு மெயிலே இல்லையே, நல்லா இருக்கு” என்பார்கள். புதன் சாயங்காலம் ஃபோன் அடிக்க ஆரம்பிக்கும்.

பழைய டெக்ஸ்ட் ஃபைலை அழிக்கவில்லைதானே?