மூன்று நிமிடத்தில் ஞாபகப் பரீட்சை

கேள்வி: வலை முடிச்சைப் பார்க்காமலே போடுகிற அப்பாவுக்கு, நேற்றுக் கல்பிட்டிக்குப் போய்வந்தது ஞாபகம் இல்லை. மூளையின் மின்னலையைப் பதிந்தே மறதி நோயைக் கண்டுபிடிக்கலாமாமே?
– வாசகி, உச்சமுனை

பதில்: கைப்பழக்கம் மூளையில் தனி வளவு வாங்கிக் குடியிருக்கிறது, சகோதரி. அல்சைமர் என்கிற மறதி நோய் முதலில் கைவைப்பது புது நினைவுகளில். ஆகவே முடிச்சு சரியாக விழுவதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் ஸ்டோதார்ட் குழுவினர் உருவாக்கிய 'ஃபாஸ்ட்போல்' சோதனையாக இருக்கலாம். முதலில் சில படங்களைக் காட்டுகிறார்கள். பிறகு தலையில் மின்முனைத் தொப்பியை மாட்டி, நொடிக்கு மூன்று படம் வீதம் திரையில் ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு ஐந்தாவது படமும் முன்பு பார்த்தது. "அட, இதைக் கண்டிருக்கிறேனே!" என்று மூளை அந்தத் தாளத்திலேயே துடிக்கும், நினைவு தளர்ந்தவருக்குத் துடிப்பு மெலியும். மூன்றே நிமிடம், ஒரு கேள்வியும் கிடையாது. "எனக்கென்ன, எல்லாம் ஞாபகம் இருக்கு" என்று வாய் சமாளிக்கும். அலைக்குச் சமாளிக்கத் தெரியாது! 2021இல் அல்சைமர் நோயாளரிடம் பலன் தெரிந்தது. 2025இல் வெளியான ஆய்வில், லேசான மறதி உள்ளவர்களை வீட்டிலேயே வைத்துச் சோதித்திருக்கிறார்கள். உங்களைப் போன்ற தீவுவாசிகளுக்கு இதைவிட நல்ல சேதி ஏது?

ஆனால் இது இன்னும் ஆய்வுநிலையில்தான் இருக்கிறது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். தைரொயிட் குறைவு, பி12 குறைபாடு, மனச்சோர்வு எல்லாமே மறதியைக் கொண்டுவரும்; இவற்றுக்கு மருந்தும் உண்டு. அப்பாவை இந்த வாரமே வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். மறதி நோய்தான் என்றால், குடும்பத்துக்கு வழிகாட்டக் கொழும்பில் லங்கா அல்சைமர்ஸ் ஃபவுண்டேஷன் இருக்கிறது.