மைலேஜ் மச்சான்

புதுக் கார் வாங்கியவரிடம் நம் ஊரில் யாரும் பிரேக் பிடிக்கிறதா என்று விசாரிப்பதில்லை. "எவ்வளவு கொடுக்குது?" என்பதுதான் முதல் கேள்வி. பதிலோ, தரகர் சொல்லும் மாப்பிள்ளை சம்பளம் மாதிரி, வாய்க்கு வாய் ஏறிக்கொண்டே போகும்.

விளம்பரத்தில் வரும், ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகனச் சோதனை அமைப்பின் மைலேஜ் பொய்யில்லை. ஆனால் அந்தக் கார் ஓடியது ரோட்டில் அல்ல, ஆய்வுக்கூடத்து உருளைகள்மேல். உச்ச வேகம் 90 கிலோமீட்டர். ஏ.சி. கிடையாது, பள்ளம் கிடையாது, குறுக்கே மாடு கிடையாது, பின்சீட்டில் "இன்னும் கொஞ்சம் ஏ.சி. வைப்பா" என்கிற மாமியாரும் கிடையாது.

எங்கள் குடும்பத்தின் மைலேஜ் நிபுணர் என் மச்சான். கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, "இனி அடிவாரம் வரைக்கும் ஓசிப் பயணம்!" என்றார். இது கார்புரேட்டர் காலத்து ஞானம். இன்றைய இன்ஜினில், கியரிலேயே வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றிவிடும். நியூட்ரலில் போட்டால்தான், அணையாமல் இருப்பதற்காக இன்ஜின் பெட்ரோல் குடிக்கும். இன்ஜின் கொடுக்கும் பிடிப்பும் போய்விடுவதால் பிரேக் சூடேறும். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு குலதெய்வம் வேண்டியிருந்தது.

விடியற்காலையில் பெட்ரோல் குளிர்ந்து கெட்டியாக இருக்கும், அப்போது போட்டால் லாபம் என்பது அவருடைய அடுத்த சித்தாந்தம். பங்கின் தொட்டி பூமிக்கடியில் இருக்கிறது. அதற்கு விடியலும் தெரியாது, உச்சிவெயிலும் தெரியாது. அதற்காகவே விடியலில் பங்குக்குப் போய்வரச் செலவாகும் பெட்ரோலை மட்டும் மச்சான் கணக்கில் சேர்ப்பதில்லை.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததும் அவருக்குப் பழிபோட ஆள் கிடைத்தது. எத்தனாலில் லிட்டருக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பது உண்மைதான். ஆனால் கலவையில் அது ஆறேழு சதவீதக் குறைவுதான். மிச்சக் குறைவுக்குப் பொறுப்பு மச்சானின் வலது கால். பைபாஸைக் கண்டால் 80-லிருந்து 110-க்குத் தாவும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அந்த ஒரு தாவலிலேயே அது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். மிதிப்பதும் உடனே பிரேக் போடுவதுமாக ஓட்டினால், எரித்த பெட்ரோல் பிரேக் சூடாகத்தான் வெளியே போகிறது.

வேகத்தைக் குறை, டயரில் காற்று பார், டிக்கியில் கிடக்கும் போன வருஷத்துத் தட்டுமுட்டுச் சாமானை இறக்கு, நீண்ட சிக்னலில் இன்ஜினை நிறுத்து என்றால் மச்சான் கேட்கமாட்டார். ஏனென்றால் இவற்றுக்குச் செலவில்லை. மைலேஜ் கூடும் என்று பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தத்தை விலை கொடுத்து வாங்கினார். ஆகவே அதை நம்புகிறார்.

உங்கள் வீட்டிலும் ஒரு மச்சான் இருப்பார். காசு கொடுத்தால்தான் யோசனை பலிக்கும் என்று நம்பினால், அவர் எனக்கு 500 ரூபாய் கொடுத்துவிட்டு டயரில் காற்று பிடித்துக்கொள்ளட்டும். காந்தத்தைவிட நிச்சயம் நல்ல பலன் தரும்.