ஷூ ராக்கும் எட்டணாவும்

கேள்வி: வாசல் கதவை ஒட்டிய ஷூ ராக்கின் மேல் சில்லறை, சாவி, கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, செத்துப்போன பேட்டரி என்று எல்லாம் குவிகின்றன. காலையில் ஒதுக்கினால் சாயந்திரம் பழையபடி! என்னதான் வழி?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: தட்டையாக ஓர் இடம் கிடைத்தால் நம் ஆட்கள் பட்டா போட்டுவிடுவார்கள். சாவிக்குச் சுவரில் ஓர் ஆணி, பில்லுக்கு ஒரு கிளிப், பேட்டரிக்கு வழியனுப்பு விழா. முடிந்தது.

சில்லறைதான் விவகாரம். பரணில் கிடக்கும் பழைய அஞ்சறைப் பெட்டியை இறக்குங்கள். பெயரில்தான் அஞ்சு, பெரும்பாலும் கிண்ணம் ஏழு இருக்கும். 1, 2, 5, 10, 20 ரூபாய்க்கு ஐந்து. ஆறாவது எட்டணாவுக்கு. கடைக்காரர் முகம் சுளித்தாலும் 50 பைசா சட்டப்படி இன்னும் செல்லும். ஒரு தடவைக்கு 10 ரூபாய் வரை. நாலணா 2011 ஜூன் 30-ஓடு ஓய்வு பெற்றுவிட்டது. ஏழாவது கிண்ணம் அதற்கு. பேரன் சுண்டி விளையாடட்டும்.

ஒரு ரூபாயையும் அதற்கு மேற்பட்ட நாணயங்களையும் 1000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்கிறது சட்டம். அதை நம்பி சிலிண்டர் போட வருபவரிடம் மூட்டையை நீட்டாதீர்கள். எண்ணி முடிப்பதற்குள் அடுத்த சிலிண்டரே வந்துவிடும்.

பத்திரிகையை மட்டும் பெட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மொய்க் கவரில் ஐந்நூறைப் போட்டுவிட்டு அந்த ஒற்றை ரூபாயைத் தேடித்தானே முகூர்த்தத்தையே கோட்டைவிடுகிறோம்!