புறொஜெக்ட் அப்பா

இவரை அடையாளம் காண்பது லேசு. விரல் நுனிகளில் கம் காய்ந்து உரிந்துகொண்டிருக்கும். சட்டைப்பையில் பசளைக்கடைத் துண்டுக்குப் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல். பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரம் காலை ஆறரைக்குப் பள்ளிக்கூட வானுக்கு நிற்கிற பிள்ளையிடம் தண்ணிப் போத்தல் மட்டும் இருக்கும். எரிமலையும் சூரியக் குடும்பமும் மண்புழுத் தொட்டியும் இவர் கையில். வான்காரர் ஹோர்ன் அடித்தால், "ஒரு நிமிசம் பொறுங்கோ அண்ணை, ஓசோன் படை இன்னும் காயேல்லை" என்பார்.

முரசுமோட்டையில் ஒழுங்கைக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். கேட்டால் வயல் செய்கிறேன் என்பார், கடை வைத்திருக்கிறேன் என்பார். அதெல்லாம் உபதொழில். கிளிநொச்சிப் பக்கத்து இன்ரநஷனல் ஸ்கூலில் நாலாம் வகுப்புப் படிக்கும் மகனின் புறொஜெக்ட்தான் அவருக்கு முழுநேர வேலை.

நம் நாட்டில் இந்தப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் கல்வி அமைச்சின் கீழ் வருவதில்லை. கம்பனிச் சட்டத்தில் பதிந்து நடப்பவை. கம்பனி என்று வந்துவிட்டால் வெறும் பாடத்தை விற்றுக் கட்டுப்படியாகாது. ஆகவே பாடத்துக்கு மேலே 'என்றிச்மென்ற்': அபாக்கஸ், றோபோற்றிக்ஸ், ஸ்பெல்லிங் பீ, மேடைப்பேச்சு. இப்போது அதற்கும் மேலே 'என்வயர்மென்ற்'. அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் முதலாம் வகுப்பிலிருந்து 'சுற்றாடல்சார் செயற்பாடுகள்' என்று ஒரு பாடமே இருக்கிறது, புத்தகமும் இலவசம், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் முன்னோடி அணிகூட இருக்கிறது என்று யாராவது எடுத்துச் சொன்னால் புறொஜெக்ட் அப்பா பரிதாபமாகப் பார்ப்பார். "அது தமிழிலையெல்லோ" என்பார். தவளை ஆங்கிலத்தில் கத்தினால்தான் கட்டின காசுக்குப் பெறுமதி.

பணிப்புரைகள் வாட்ஸ்அப்பில் இரவு ஒன்பது மணிக்கு வரும். ஒருமுறை வந்தது: கழிவிலிருந்து கலை, நாளைக்குப் பத்து வெறும் போத்தல்கள். வீடெல்லாம் தேடினார். ஒன்றுகூட வெறும் போத்தலாக இல்லை. ஒன்றில் நல்லெண்ணெய், ஒன்றில் மண்ணெண்ணெய், பாதியாய் வெட்டினதில் கோழிக்குஞ்சுக்குத் தண்ணி. ஷொப்பிங் பாக்குகள் மடித்தபடி அம்மாவின் மெத்தைக்குக் கீழே. 2017 செப்ரெம்பரில் லஞ்ச்சீற்றையும் றெஜிபோம் பெட்டியையும் அரசாங்கம் தடை செய்தபோது நாடே தடுமாறியது. இந்த வீட்டில் ஒரு பொருளும் இடம் மாறவில்லை. கழிவே இல்லாத வீட்டில் கழிவிலிருந்து கலை செய்வது எப்படி? பரந்தன் சந்திக்கு ஓடிப்போய்ப் பத்துப் போத்தல் சோடா வாங்கி, சோடாவைக் குடத்தில் ஊற்றிவிட்டுப் போத்தல்களைக் கழுவினார். குடத்தை வீட்டார் மூன்று நாளாகக் குடித்தார்கள். ஆட்டுக்கும் வைத்துப் பார்த்தார்கள். அது புத்தியுள்ள ஆடு.

அடுத்தது சேதனப் பசளை. 'இரசாயனத்தை ஒழிப்போம்' என்று பிறிஸ்ரல் போட்டில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அன்று காலைதான் கபிலத்தத்திக்கு மருந்தடித்துவிட்டு வந்திருந்தார். கைலேஞ்சியில் மணம் போகவில்லை. திண்ணையில் இருந்த அப்பு கேட்டார்:

"உதென்னடா தம்பி எழுதியிருக்கு?"

"மருந்து, பசளை ஒண்டும் வேண்டாமாம் அப்பு."

"நல்லது. கொண்டுபோய் வயலுக்கை கட்டு. தத்தி வாசிச்சுப்போட்டுப் போகட்டும்."

அப்புவின் கோபம் நேற்றையது அல்ல. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்கள். நவம்பரில் அவர்களே தளர்த்தினார்கள். இடையில் அகப்பட்ட பயிரின் கதையைக் கண்டாவளைப் பக்கம் எந்த வயற்காரரிடமும் கேட்கலாம். கேட்கிறவருக்குப் பொறுமை இருந்தால் சரி. புறொஜெக்ட் அப்பா பேசாமல் இருந்தார். பிறகு போட்டின் அடியில் சின்ன எழுத்தில் 'கொஞ்சம் கொஞ்சமாக' என்று சேர்த்தார். அந்தப் போட்டில் இருந்த உருப்படியான வரி அது ஒன்றுதான். தலைப்புக்கு வெளியே போனதற்காக ரீச்சர் இரண்டு புள்ளி குறைத்தார்.

சுண்டிக்குளம் பயணத்தோடுதான் ஆளுக்கு முற்றியது. 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். நாங்கள் சின்ன வயதில் இறாலுக்கும் கருவாட்டுக்கும் மட்டும் நினைத்த ஊர். பிள்ளை போகும்போதும் வரும்போதும் வானில் நித்திரை. உதவிக்கென்று போன அப்பா வெயிலில் நின்று பூநாரை எண்ணினார். அன்றிலிருந்து விடியற்காலையில் வயலுக்குப் போனால் மடையைப் பார்ப்பதில்லை, மரத்தைப் பார்க்கிறார். இரணைமடுவிலிருந்து வந்த முறைத் தண்ணி ஒருநாள், இவர் நீர்க்காகம் எண்ணி முடிப்பதற்குள், பக்கத்து வயலுக்குப் போய்விட்டது. "இஞ்சரப்பா, நீர்க்காகம் நெல்லு போடுமோ?" என்று மனைவி கேட்டது இரண்டு வளவு தாண்டிக் கேட்டது. அடுத்த சிறுபோக உழவில் ஆட்காட்டி முட்டையிட்டிருந்த மூலையைச் சுற்றி உழவு மெசினைத் திருப்பி, ஒரு பாய் அகலத்தை உழாமல் விட்டார். ஊர் சிரித்தது. குஞ்சு பொரித்த நாளில் ஊரும் போய்ப் பார்த்தது.

சிரிக்கிறவர்கள் ஒரு கணக்கையும் பார்க்க வேண்டும். இந்த அப்பாமாரின் வயதுக்காரர்கள் நாலாம் வகுப்புப் படிக்கவேண்டிய காலம் 1996. சண்டை பரந்தனைத் தாண்டி, கிளிநொச்சி கைமாறின வருடம். முரசுமோட்டைப் பிள்ளைகள் மர நிழலில் படித்தார்கள். பென்சிலைப் பாதியாய் முறித்துத் தம்பிக்குக் கொடுத்தார்கள். பெட்டி நிறைய நிறப் பென்சிலும், 'உங்கள் ஊரின் பறவைகளை வரைக' என்ற கேள்வியும் அப்போது ஒருவரும் தரவில்லை. மகனுக்கு வந்த கேள்விக்கு அப்பா விழுந்தடித்துப் பதில் எழுதுவதில் எனக்கு ஆச்சரியமில்லை. கட்டணத்தை நினைத்தால்தான் தலை சுற்றுகிறது. அதிலும் படிக்கிறவர் அப்பா என்று பார்த்தால் அவ்வளவு மோசமில்லை.

பள்ளிக்கூடக் கண்காட்சி நாளில் இது வெளிச்சமாயிற்று. 'எங்கள் குளம்' என்ற தலைப்பில் களிமண்ணால் செய்த இரணைமடு. நடுவர் குனிந்து பிள்ளையிடம், இந்தக் குளத்துக்கு எங்கிருந்து தண்ணி வருகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிள்ளை திரும்பி "அப்பா!" என்றது. அப்பா முன்னுக்கு வந்தார். கனகராயன் ஆற்றில் தொடங்கினார். நிரம்பினால் 36 அடி என்றார். 2018 மார்கழியில் வான்கதவுகள் திறந்தபோது முரசுமோட்டை வீடுகளுக்குள் வெள்ளம் வந்த பாதையைக் களிமண்ணில் விரலால் கீறிக் காட்டினார். ஆங்கிலம் பாதியில் தீர்ந்துபோக மிச்சத்தைத் தமிழில் முடித்தார். நடுவர் கதிரை கேட்டு வாங்கி இருந்தார். பிள்ளை ஐஸ்கிறீமுக்குப் போயிருந்தது.

முதற்பரிசுச் சான்றிதழ் பிள்ளையின் பெயரில் வந்தது. பெயரில் ஒரு எழுத்துப் பிழை. அதைத் திருத்தித் தரச்சொல்லி அலைந்தவரும் அப்பாதான்.

ரீச்சர்மாரிடம் ஊர் சார்பில் ஒரு வேண்டுகோள். ஜூன் 5, உலக சுற்றாடல் தினத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள். தை, மாசியில் மட்டும் புறொஜெக்ட் கொடுக்காதீர்கள். காலபோக அறுவடை நேரம். வெட்டு மெசின் வரப்பில் நிற்க, ஆள் வீட்டில் மழைக்காட்டுக்குப் பச்சை பூசிக்கொண்டிருந்தால் நெல்லு கொட்டிப்போகும்.